வேப்பமரத்தையும் சேர்த்து எழுதிய பத்திரம்

கூடுவாஞ்சேரியில் இப்போது எங்களுக்கு இருக்கும் ஆபீசில் ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, வருகிறவர்கள் உட்கார மெத்தென்ற சோபா இருக்கிறது. ஆனால் எனக்கு ஆபீஸ் என்றால் கிழக்குத் தாம்பரத்தில் பேக்கரிக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்த அந்த ஒற்றை அறைதான். மத்தியானம் பன் வேகும் வாசனை மாடிப்படி ஏறி வந்துவிடும். விவாகரத்துக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாசனை வந்ததும் இரண்டு பேர் வயிறும் ஒரே நேரத்தில் கத்தும். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நானும் என் கூட்டாளியும் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அவள் கோர்ட்டுக்குப் போவாள், நான் ஆபீசில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவேன். அப்படிப் பிரித்துக்கொண்டதற்குக் காரணம் என் வாய். என்னை ஜட்ஜ் முன்னால் நிறுத்தினால் இரண்டு பேர் பிழைப்பும் போய்விடும் என்று அவள் எல்லாரிடமும் சொல்வாள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்றிதழ், டிபன் கடை வைக்கும் மச்சான்கள் இரண்டு பேருக்குப் பார்ட்னர்ஷிப், உயில் என்று எது வந்தாலும் எழுதுவோம். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் கதை எங்கள் அலமாரிக்குத் தெரியும்.

கூட்டாளிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பத்திரமானாலும் கையெழுத்துப் போடுகிறவர்களே அதை எங்கள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். இரண்டு கட்சி இருந்தால் இரண்டு கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறிப் படிக்க வேண்டும். ஒரு பத்திரத்துக்கு ஒரு காலைப் பொழுது போய்விடும். "நாம ஆபீஸ் நடத்துறோமா, ஒண்ணாங்கிளாஸ் நடத்துறோமா?" என்று நான் எரிந்து விழுவேன்.

"கண்ணால பார்த்தா தாண்டிப் போயிடுவாங்கடி. வாயால படிச்சா தாண்ட முடியாது" என்பாள் அவள். அதற்குமேல் பேச விடமாட்டாள்.

செம்பாக்கத்து டீச்சர் எங்களுக்குப் புதியவர் இல்லை. அவருடைய மகளின் விவாகரத்தை முடித்துக் கொடுத்தது நாங்கள்தான். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியும் பொட்டில்லாத நெற்றியும் கஞ்சி போட்ட காட்டன் புடவையுமாக, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒருநாள் காலையில் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். இதயத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி வீட்டை அவ பேருக்கு எழுதிடணும்மா. அவளுக்குன்னு இந்த வீட்டைத் தவிர ஒண்ணும் இல்ல. நான் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அவளை யாரும் வெளிய போன்னு சொல்லக் கூடாது."

"சும்மா கிடங்க டீச்சர், வராம எங்க போவீங்க" என்று அதட்டினேன்.

எளிய வேலைதான். ஒரே மகள், ஒரே வீடு. ஆனால் பட்டா இன்னும் உட்பிரிவு ஆகாமல் கிடந்ததால் சர்வேயரை வைத்து இடத்தை அளந்துவிடலாம் என்று அனுப்பினோம். சாயந்திரம் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மேடம், டீச்சர் பத்திரத்துல இருக்கிற மனை வேற, வீடு நிக்கிற மனை வேற. அவங்க மனைல பக்கத்து வீட்டுக்காரர் வீடு நிக்குது. அவர் மனைல இவங்க வீடு நிக்குது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். லேஅவுட் போட்ட காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் வெறும் பொட்டல். பஞ்சாயத்தில் யார் அளந்து பார்த்தார்கள்? கல் நட்ட இடத்தில் வீடு கட்டிக்கொண்டு இரண்டு குடும்பமும் ஒருத்தர் நிலத்தில் ஒருத்தர் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குடியிருந்திருக்கிறார்கள்.

டீச்சரை வரவழைத்துச் சொன்னோம். பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. எல்லா வேலையையும் அவருடைய கணவர்தான் பார்த்தார். காட்டிய இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். கணவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று.

"பிள்ளைங்களை வரி வரியா வாசிக்க வச்சவ நான். என் பத்திரத்தை ஒரு தடவை வாசிக்கலையே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. கூட்டாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், இப்போது யார் சொன்னது சரி என்கிற மாதிரி. அந்த நேரத்தில் அவளை அடித்தால் என்ன என்றிருந்தது.

இதற்குத் தீர்வு உண்டு. பரிவர்த்தனைப் பத்திரம் என்று பெயர். இவர் மனையை அவருக்கும் அவர் மனையை இவருக்கும் மாற்றி எழுதிப் பதிவு செய்துவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

"அவரா? செத்தாலும் போட மாட்டாரும்மா" என்றார் டீச்சர்.

டீச்சர் வீட்டு முன்னால் பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. ஒரு புயலில் அதன் கிளை முறிந்து பக்கத்து வீட்டு சன்ஷேடை உடைத்துவிட்டது. அவர் கத்த, இவர் பதிலுக்குக் கத்த, வார்த்தை முற்றிவிட்டது. அதற்குமுன் கிறிஸ்துமஸ் கேக் அந்தப் பக்கமும் தீபாவளி முறுக்கு இந்தப் பக்கமும் காம்பவுண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அன்றோடு நின்றது. அதன்பின் வருஷா வருஷம், இலை மாடியில் கொட்டுகிறது, மழைநீர்க் குழாய் அடைக்கிறது என்று அவர் கத்துவதும், ஒரு கொப்பைத் தொட்டால் நடப்பதே வேறு என்று இவர் கத்துவதும்தான் பேச்சு.

"இப்ப அந்த மரமே அவர் இடத்துல நிக்குதுன்னா சும்மா விடுவாரா? எங்களையும் சேர்த்துல்ல வெட்டுவாரு" என்று டீச்சர் அழுதுவிட்டார்.

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. முதலில் ஒரு நோட்டீஸ் விடுவோம், இத்தனை வருஷம் குடியிருந்த அனுபவ பாத்தியதையைச் சொல்லி ஆளை ஆட்டிவிடுவோம் என்றேன். "போய் மனுஷன் மாதிரி ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. நோட்டீஸ் எங்கயும் ஓடிப் போகாது" என்றாள் கூட்டாளி.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோதே, அவர் என்ன சொன்னால் நான் என்ன திருப்பிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். வாசலில் நின்றவருக்கு மெலிந்த உடம்பு, பனியன், கையில் துடைப்பம். மாடியில் இலை பெருக்கிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன்கள் வெளிநாட்டில்.

"என்ன, அந்தம்மா கேஸ் போட்டுட்டாங்களா?" என்றார் எடுத்த எடுப்பில்.

மனை மாறியிருப்பதைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. "சரி, அதுக்கு?" என்று கேட்டார். யாரோ முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். டீச்சருக்கு ஆபரேஷன் என்றதும்தான் முகம் மாறியது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கையெழுத்துப் போடறேம்மா. ஆனா அந்த மரத்தைப் பத்தி ஒரு வரி சேர்க்கணும். என்னன்னு அங்க வந்து சொல்றேன்."

அந்த ஒரு வரி என்னவாக இருக்கும் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. டீச்சரிடம் சொன்னபோது "மரம் போனா போகுது. என் பொண்ணுக்கு வீடு நிக்கட்டும்" என்றார். கல்யாணமான புதிதில், வாங்கிய மனையைப் பார்க்க வந்த அன்று, அந்த மரத்து நிழலில்தான் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டார்களாம். இங்கேதான் வீடு கட்ட வேண்டும் என்று கணவரிடம் அடம் பிடித்தாராம்.

படிக்கும் நாள் வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கீழே பன் வெந்துகொண்டிருந்தது. டீச்சர் முதலில் தன் சொத்து விவரத்தைப் படித்தார். நான்கெல்லை வந்தது. வடக்கே பொதுச் சாலை, தெற்கே காலி மனை, கிழக்கே என்று படித்து நிறுத்தினார். அங்கே இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் பெயர். இத்தனை வருஷம் வாயில் வராத பெயர். பெயரைச் சொல்லி, "அவர்கள் மனை" என்று ஒருவழியாகப் படித்து முடித்தார். அவர் படிக்கும்போது டீச்சர் பெயரை எல்லையாகச் சொல்ல வேண்டி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இப்ப அந்த வரி, சார்" என்றேன் நான். குரலில் இருந்த கடுப்பை மறைக்கவில்லை.

"டீச்சருக்குப் போற மனையில, அந்த வேப்பமரமும் அவங்களுக்கே சொந்தம்னு எழுதுங்க."

எனக்குப் புரியவில்லை. "மாவடை மரவடை சகலமும் சேர்த்துன்னு ஏற்கெனவே இருக்கே சார். மரமெல்லாம் அதுலயே வந்துடும்."

"அது எல்லாப் பத்திரத்துலயும் இருக்குமேம்மா. இந்த மரத்தைத் தனியா எழுதுங்க. இவங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் கேட்டதே மரத்துக்காகத்தான்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். டீச்சரின் கணவரும் அவரும் ஒரே எலெக்ட்ரிக் ட்ரெயினில் வேலைக்குப் போன சிநேகிதர்கள். பக்கத்துப் பக்கத்து மனையாகச் சேர்ந்து வாங்கினார்கள். பதிவு முடிந்த பிறகுதான் டீச்சர் முதல்முறை வந்து மரத்தைப் பார்த்திருக்கிறார். மறுநாள் ட்ரெயினில் டீச்சரின் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். மரம் இருக்கிற மனை உன்னுடையது, என் வீட்டுக்காரி அதில் ஆசைப்பட்டுவிட்டாள் என்று.

"நீ எடுத்துக்கோன்னேன். நமக்குள்ள என்ன பத்திரம், அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டோம். அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ உங்களுக்கு முதல்லருந்தே தெரியுமா? இத்தனை சண்டை போட்டோமே, என் இடத்துல நிக்கிற மரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேனே!"

"சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர். சொல்லிட்டா அது சண்டை இல்ல, மிரட்டல். அவருகிட்ட குடுத்த வார்த்தை என்ன ஆகறது?"

நான் அந்த வரியைச் சேர்த்து அச்செடுத்து நீட்டினேன். டீச்சரால் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரே தாளை வாங்கி, ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி உரக்கப் படித்தார்: "மேற்படி மனையில் உள்ள வேப்பமரமும் மேற்படியாருக்கே சொந்தம்." படித்துவிட்டு, "ஆனா ஒண்ணு, என் மாடில விழற இலையைப் பெருக்க ஆள் அனுப்பணும், ஆமா" என்றார். அழுதுகொண்டிருந்த டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கூட்டாளி கீழே போய் எல்லாருக்கும் சூடாக பன் வாங்கி வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது, புகை என்றாள்.

பத்திரங்கள் பதிவாயின. டீச்சர் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு திரும்பினார். அந்த டிசம்பரில் கேக் மறுபடியும் காம்பவுண்டைத் தாண்டியது.

சமீபத்தில் வேறு ஒரு உயில் வேலையாகச் செம்பாக்கம் போயிருந்தேன். போன வருஷம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகன்கள் வந்து காரியத்தை முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். டீச்சரைப் பார்க்கலாம் என்று கேட்டைத் திறந்தால், மகள் அண்ணாந்து பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கேக்கறாங்களா பாருங்க அக்கா! பைபாஸ் ஆன உடம்பு, தினம் சாவியை எடுத்துக்கினு ஏறிடறாங்க."

டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருடைய மொட்டை மாடியில் வேப்பிலையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நானும் கீழிருந்தே என் பங்குக்குத் திட்டினேன். பூட்டிய வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள், பத்திரத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை, எழுதியவள் நான் சொல்கிறேன், இறங்குங்கள் என்றேன்.

"பத்திரத்துல இல்லம்மா. வாய்வார்த்தைதான்" என்று சொல்லிவிட்டு அவர் மீதி இலையைப் பெருக்கினார்.