டெல்பர்ட் அத்தானின் கடைசி ஆட்டம்

என் அக்கா வெர்னாவுக்கு வாய்த்த சக்களத்தி ஃபுட்பால். காலால் உதைக்கிறதல்ல, கவசம் மாட்டிக்கொண்டு பந்தைக் கையால் எறிந்து, ஆள்மேல் ஆள் மோதி ஆடுகிற அமெரிக்க ஆட்டம். அத்தான் டெல்பர்ட் எங்கள் நெப்ராஸ்கா ஊர்க் கல்லூரிக்கே ஆடி, அங்கேயே உதவிக் கோச்சாகி, கடைசியில் தலைமைக் கோச்சும் ஆனவர். கல்யாணத்தன்று சாயங்காலமே எதிரணி ஆடிய படச்சுருளைப் போட்டுப் பார்த்த மனுஷன். ஆரம்பத்தில் வரிசையாக ஜெயித்தார். முடிவெட்டுகிற கடையில் கூட அவரிடம் காசு வாங்க மாட்டார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம் தோல்வி. அவ்வளவுதான். கோச் தோற்றால் அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை நட்டுவிட்டுப் போவது எங்கள் ஊர்க்காரர்களின் பழக்கம். பிடுங்கிப் போட்டால் மறுநாள் இன்னொன்று முளைத்திருக்கும். நட்டவன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் காட்டுவான். நாசமாய்ப் போக!

நவம்பரில் கல்லூரித் தலைவர் பத்திரிகைக்காரர்களிடம், "கோச் மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு" என்றார். அதைப் படித்ததுமே அக்கா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு பேச்சு வந்தால் வேலை போகப்போகிறது என்று எந்தக் கோச்சின் பெண்டாட்டிக்கும் தெரியும்.

மிச்சமிருந்தது ஒரே ஆட்டம், பக்கத்து ஊர்க் கல்லூரியோடு. பரம விரோதிகள். எங்கள் அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், அக்கா மகன் ராய்ஸ். முந்தைய ஆட்டத்தில் கவசத்தையும் மீறித் தலையில் பலமாக அடி வாங்கியிருந்தான். அணியின் டாக்டர் விரலைக் காட்டி, "எத்தனை?" என்றார். "ரெண்டு" என்றான். ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷர் எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவார். அது அணியில் எல்லாப் பையன்களுக்கும் தெரியும்!

வியாழக்கிழமை சாப்பிடும்போது ராய்ஸ் என்னைப் பார்த்து, "சித்தி, எப்ப வந்தீங்க?" என்றான். அவன் தட்டில் இறைச்சியைப் பரிமாறியதே நான்தான்.

அவன் எழுந்து போனதும் அக்கா சொன்னாள்: "புள்ளை ஆட வேண்டாங்க."

"சும்மா இரு வெர்னா. நான் வாங்காத அடியா?"

"அதான் தெரியுதே, மூளை எந்த லட்சணத்துல இருக்குன்னு!"

அத்தான் சிரிக்கவில்லை. "அவன் இல்லைன்னா தோத்துடுவோம். தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"கட்டுவோம். பாதி கட்டியாச்சு."

அத்தான் எழுந்து படச்சுருளைப் போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை கடைசி நிமிஷம் வரை நாங்கள் பின்தங்கியிருந்தோம். அக்கா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, பிள்ளையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ராய்ஸ் பந்தை எறிந்தான். எறிந்த கையோடு எதிரணித் தடியன்கள் இரண்டு பேர் வந்து அவன்மேல் விழுந்தார்கள். பந்து எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் எங்கள் ஆள் கையில் போய்ச் சேர்ந்தது. ஜெயித்துவிட்டோம்! ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்து, அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டது.

அந்த உயரத்திலிருந்துதான் அவர் பார்த்திருக்கிறார். ராய்ஸ் எழுந்திருக்கவில்லை.

"இறக்குங்கடா! என் புள்ளைடா! இறக்குங்கடா!"

பேண்டு வாத்தியச் சத்தத்தில் யாருக்குக் காதில் விழும்? சந்தோஷத்தில் கத்துகிறார் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள். அவர் கையை நீட்டினார், பக்கத்தில் இருந்தவன் தலையில் குத்தினார். குத்து வாங்கியவனும் சிரித்தான். பாவிகள்! பிள்ளை கிடந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரை ஊர்வலமாகச் சுமந்து போனார்கள்.

அக்கா வேலியைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

மைதானத்து வாசல் வரைக்கும் கொண்டுபோன பிறகுதான் அத்தானை இறக்கிவிட்டார்கள். அவர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது, அக்கா ராய்ஸின் கண்களை மூடியிருந்தாள்.