நான் சொல்லி அனுப்பியது

அன்றைக்கு வீட்டில் இருந்தது நான்கு பேர். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, என் தங்கை, நான். பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலில் தலையை நீட்டி, "எந்தா விசேஷம்?" என்று கேட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் போய்விட்டாள். அவளை நான் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது. மறுநாள் நாலு மணிக்குள் பணம் கட்டினால் தங்கைக்கு எம்.டி.எஸ். சீட் உறுதி. வாய், தாடை அறுவைக்கான மேல்படிப்பு. மூன்று வருஷம், வேறு ஜில்லாவில். கட்டாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கொச்சி மட்டாஞ்சேரியிலேயே சாதாரணப் பல் டாக்டராக இருந்துவிடுவதா, கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போவதா என்று அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

மாமாவுக்குக் கார்ப்பரேஷனில் சுகாதாரப் பிரிவில் வேலை. தங்கையின் முதல் படிப்புக்கு வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவருடையது. சாயாவை ஊதிக்கொண்டே சொன்னார்: "வாயில மொத்தம் முப்பத்திரண்டு பல்லு. அதுக்கு அஞ்சு வருஷம் படிச்சாச்சு. இன்னும் மூணு வருஷமா? பல்லுக்கு மூணு மாசம் வெச்சு ஆகுதே டாக்டரம்மா."

"திரும்பி வரும்போது முப்பது வயசாயிரும்" என்றாள் அம்மா.

"போகாட்டியும் முப்பது ஆகும்மா" என்றாள் தங்கை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுக் கடன் எவ்வளவு ஆகும் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இறந்த வருஷம் எட்டாம் கிளாஸோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு பல வருஷம் சுக்குக் குடோனில் தரம் பிரித்தேன். தங்கை மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக் கிளினிக் திறந்தபோது, என்னைக் கூட வைத்துக்கொண்டாள். கருவிகளை அவித்து வைப்பது, சீட்டு எழுதுவது, போன் எடுப்பது எல்லாம் நான்தான். அங்கே அவளை "டாக்டர்" என்பேன். அவளுக்கு நான் எங்கேயும் அக்காதான்.

சின்னக் கிளினிக்குகளில் ஒரு முறை உண்டு. கஷ்டமான வேலையை வெளியிலிருந்து வரும் ஸ்பெஷலிஸ்ட் செய்வார். எங்களுக்கு வியாழக்கிழமை வேர்ச் சிகிச்சைக்காரர், ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை சர்ஜன். வாங்கும் பணத்தில் பெரிய பங்கு அவர்களுக்கு. அந்த நாட்களில் என் தங்கை தன் சொந்த நாற்காலிக்குப் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "வலிய டாக்டர் என்னைக்கு வரும்?" என்று, அந்தப் பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று, அவளிடமே கேட்பார்கள். நாளைச் சொல்லுவாள்.

அவர்களுக்கும் அப்பாற்பட்டது என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். அதிலும் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடிதத்தை அவள் எழுதுவாள். வெளியே என் மேஜையில் வைத்து விவரத்தை நான் சொல்லி அனுப்புவேன். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. எனக்கு எல்லாப் பயமும் தெரியும் என்பதால் பயந்தவர்களிடம் பேச நன்றாக வரும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால், ஓணத்துக்கு முந்தின மாதம், கீழே குடோனில் மூட்டை சுமக்கும் ஒருவர் வந்தார். நாக்கின் ஓரத்தில் புண். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர். தங்கை கூரான ஒரு பல்லைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் வரச் சொன்னாள். ஆறவில்லை. வந்தார். அவள் உடனே கடிதம் எழுதி என்னிடம் தந்தாள். "அக்கா, நாளைக்கே போகணும். சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். நல்லா சொல்லி அனுப்பு."

அவர் என் மேஜைக்கு முன்னால் நின்றார். மூட்டை தூக்கித் தழும்பேறிய தோளில் துண்டு. "பேடிக்கணுமோ மோளே?" என்று கேட்டார். பயப்பட வேண்டுமா என்று அப்படி நேராகக் கேட்டால் நான் என்ன செய்வேன்? அந்த வியாதியின் பெயரைச் சொன்னால் சொன்ன வாயாலேயே வந்துவிடும் என்று எனக்கு ஒரு நடுக்கம்.

"ஒண்ணும் இருக்காது சேட்டா. சும்மா ஒரு டெஸ்ட். நேரம் கிடைக்கும்போது போயிட்டு வாங்க."

அவர் முகம் தெளிந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஓணச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வந்தபோது வாய் ஒரு விரலுக்குமேல் திறக்கவில்லை. மழைக்கு முன்னாலேயே இறந்துபோனார்.

தங்கை அவருடைய சீட்டைப் பல நாள் மேஜை மேலேயே வைத்திருந்தாள். பிறகு நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். ஏன் அறுவை என்று நான் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டார்.

"கடுதாசி எழுதி அனுப்பி வெக்கிற டாக்டராவே எத்தனை நாள் இருக்கறது மாமா? அந்தச் சேட்டனுக்கு அன்னைக்கே நானே சதை எடுத்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு. எனக்கு அந்தப் படிப்பு இல்லே. அதான்."

மாமா தலையாட்டினார். "அப்போ போயிட்டு வா. என் கையெழுத்து இருக்கு" என்றார். அம்மாவும் முறத்தைக் கீழே வைத்தாள். எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது.

நான் சொல்லிவிட்டேன். மேஜையில் நடந்ததை அப்படியே சொன்னேன்.

தங்கை என்னையே பார்த்தாள். "நாளைக்கே போகணும்னு சொல்லலியா?"

"இல்லே."

"பயப்படணுமான்னு அவரு கேட்டாரு."

"கேட்டாரு. ஒண்ணும் இருக்காதுன்னேன்."

"அஞ்சு மாசம், அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். "வேணும்னே சொல்லுவாளா அவ?" என்று மாமா எனக்காகப் பேச வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்துபோய் நாலு கிளாஸையும் கழுவி வைத்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிளினிக் திறந்தோம். நாலு மணி ஆகும்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் பல்லை அடைத்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. அந்தப் பெண் போன பிறகு, "டாக்டர், பணம்..." என்று ஆரம்பித்தேன்.

"படிப்பு இல்லாததால வந்த தப்புன்னு நினைச்சேன். நான் எழுதினது சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நான் சர்ஜன் ஆனாலும் வெளியே உக்காந்து சொல்லி அனுப்பப் போறது நீதானே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கடிதம் எழுதினால் அவளே கதவைச் சாத்தி, எதிரே உட்காரவைத்து, அந்த வியாதியின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். ஒரு அம்மா அவளைச் சபித்துக்கொண்டே இறங்கிப் போனாள். ஆனால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். வியாழக்கிழமைகளில் அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றவள், விண்ணப்பம் வந்தபோது நிரப்பவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் அன்றைக்குச் சொன்னேனா? கடனுக்குப் பயந்து சொன்னேனா, அவள் போனால் மறுபடி குடோனுக்குப் போக வேண்டும் என்று சொன்னேனா? அந்தக் கணக்குகள் எல்லாம் அப்போது என் மனசில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவள் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், இப்போது யாருடைய நாக்கையாவது அறுத்துக் காப்பாற்றப் படித்துக்கொண்டிருப்பாள்.

புதுக் கடன் தலையில் ஏறவில்லையே என்று மாமா என்னைத் தேற்றுகிறார். ஏறவில்லைதான். இருப்பது பழையது மட்டும். மாதம் பிறந்ததும் பாங்கில் போய்க் கட்டுவது நான். இந்த மாதம் கட்டியது போக, இன்னும் தர வேண்டியது மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.