மலைக்காரர் விட்ட இடங்கள்

காலை 7.10-க்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டி ஏறினேன். முந்தைய நாளே சென்னையிலிருந்து வந்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். மடியில் பழைய போர்வையில் சுற்றிய இரண்டடி அகல ஓவியம். அதற்கும் அரை டிக்கெட் போடலாமா என்று நடத்துனர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

நவீன ஓவியத்துக்கு வழி திறந்துவிட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்த மலை அது. அசல் இல்லை, நகல். பிரான்சில் ஓர் அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, அசலுக்கு எதிரே உட்கார்ந்து பத்தொன்பது நாள் நான் வரைந்தது. இந்த நாற்பத்தாறு வயதில் என் கையால் ஆனவற்றில் நான் பெருமைப்படும் ஒரே காரியம். அன்று மதியம் இரண்டு மணிக்கு, நாமக்கல்லை அடுத்த ஒரு பெண்கள் கல்லூரியில் அதை வைத்துக்கொண்டுதான் நான் அவரைப் பற்றிப் பேசவேண்டும்.

ஆண்டகளூர் கேட்டில் ஓட்டுநர் பிடித்த பிரேக்கில் ஓவியம் முன் சீட்டில் மோதி, சட்டத்தின் ஒரு மூலை பிளந்துவிட்டது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை எதில் கொடுத்தாலும் ஆணி அடித்துத் தருவார்கள் என்று ஆறுதல் சொன்னார் நடத்துனர்.

8.45-க்குப் புறவழிச்சாலையில் ஒரு பட்டறை. கூரையில்லாத கேபின்கள் வரிசையாக நிற்க, மரத்தூளும் எனாமல் நெடியும் மூக்கை அடைத்தன. ஆசாரி ஓவியத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார். வரைந்தவர் யாரென்று விசாரித்தார்கள். சொன்ன பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அவர்களே மலைக்காரர் என்று வைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கல்லூரிக்கு ஆட்டோ பிடித்துப் போய் அரங்கத்தைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக இட்லி சாப்பிட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

12.05. சட்டம் ஒட்டியது தெரியாமல் ஒட்டியிருந்தது. ஓவியம்தான் நான் கொடுத்த ஓவியமாக இல்லை.

மலைக்காரர் வரையும் துணியை முழுக்க வண்ணத்தால் மூடமாட்டார். மலைச்சரிவிலும் மரங்களுக்கிடையிலும் வெறும் துணி அப்படியே தெரியும். அந்த வெற்றிடங்களுக்காகத்தான் உலகமே அவரைக் கொண்டாடுகிறது. நானும் ஒவ்வொன்றையும் அளந்து, நூல் பிசகாமல் விட்டிருந்தேன். இப்போது அவையெல்லாம் பளபளவென்று லாரி எனாமலால் நிரம்பியிருந்தன. யார் செய்தது என்று கேட்டேன்.

பெயின்டர் பழனிசாமி தூரிகையைத் துடைத்தபடி வந்தார். என் வயதுதான் இருக்கும். இந்தப் பட்டறையில் ஆசாரி வேலை முடிந்தால் எந்தப் பொருளும் பெயின்ட் பக்கம் வந்துவிடுமாம். என் மலையும் வந்திருக்கிறது.

"ஏனுங்க, பாடியில ஒரு வெரக்கடை பெயின்ட் உட்டுப்போனாலும் ஓனரு வண்டிய எடுக்கமாட்டாருங்க, துரு ஏறிக்கும். இதுல எத்தன எடம் உட்டுப்போயிருந்துச்சு, பாருங்க. கொல்லிமலை எப்பிடியோ அதே கலர்தான் வெச்சேன்" என்றார். பாராட்டுக்குக் காத்திருந்தார்.

மலைக்காரர் முடிக்கும் முன்பே இறந்துவிட்டாரா என்று அவர் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேச வேண்டிய சொற்பொழிவை அங்கேயே கொட்டினேன். வங்கி நடத்திய அப்பா மலைக்காரரைச் சட்டம் படிக்கச் சொன்னதையும், பாரிஸில் படத்தைப் பார்த்தவர்கள் சிரித்ததையும், சொந்த ஊருக்குத் திரும்பி ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்ததையும், ஒருநாள் வரையப்போன இடத்தில் மழையில் நனைந்து சில நாளில் போய்ச்சேர்ந்ததையும் மூச்சு வாங்கச் சொன்னேன். இந்த இடங்களை அவர் உயிரோடு இருந்து, வேண்டுமென்றேதான் விட்டார் என்றேன்.

பழனிசாமியின் முகம் வெளுத்தது. தின்னர் வைத்துத் துடைத்துவிடவா என்றார். துடைத்தால் என் வண்ணமும் சேர்ந்து போய்விடும். அழுகை வந்தது, அழுதேன். யாரோ ஸ்டூல் போட்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அதைக் கவனித்தேன். மலையின் வலது தோளுக்கு மேலே, நகத்தளவு ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இதை மட்டும் ஏன் மறந்தீர்கள் என்று கேட்டேன்.

"மறக்கலீங்க. அந்த எடத்துல மலை முடிஞ்சுதா, வானம் தொடங்குச்சான்னு எனக்குப் புடிபடலீங்க. அர மணி நேரம் நின்னு பாத்தேன். தெரியாம எதுக்கு வெக்கோணும்னு உட்டுட்டேன்."

ஸ்டூலை ஓவியத்துக்கு அருகே இழுத்துப்போட்டு அந்த இடத்தைப் பார்த்தேன். மலைக்காரர் இடம் விட்டதும் இதனால்தான் என்று இருபது வருடமாக நான் சென்னையில் என் ஓவிய வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். நிச்சயமாகத் தெரியாத நிறத்தை அவர் வைக்கமாட்டார். பத்தொன்பது நாளில் நிறம் தெரியாமல் நான் எந்த இடத்தையும் விடவில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எனாமல் ஈரத்தோடு ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

இரண்டு மணிக்கு அதை மேடையில் வைத்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, மேலே அந்தச் சின்ன இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். அங்கே என்ன வைப்பதென்று வரைந்தவருக்குத் தெரியவில்லை என்றேன். வரைந்தவர் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயரைச் சொல்லியிருக்கமாட்டேன்.