மலைக்குப் பூசிய பவுடர்

தோமினிக் என்கிற பெயரை ராயம்மாள் முதன்முதலில் கேட்டது, அக்காள் மகள் விமலாவுக்கு வரன் தேடிய வருஷம். வல்லத்துச் செல்லப்பனின் இரண்டாவது மகன், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவன், எவ்வளவு கருத்த பெண்ணையும் சிவப்பாகக் காட்டிவிடுவான் என்று தரகர் சொன்னார். விமலா நல்ல கருப்பு. அப்படியானால் நமக்கேற்ற மாப்பிள்ளைதான் என்று ராயம்மாள் சிரித்தாள். கல்யாணமும் நடந்தது.

அந்தக் கைராசியிலேயே தோமினிக் காலத்தை ஓட்டினான். முகம் வெளுப்பாக வரவேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்தபோது, அதில் வெளிச்சம் கூட்டுகிற அளவை ஏற்றி வைத்தவன் பிறகு இறக்கவே இல்லை. எல்லார் கைக்கும் போன் வந்ததும் கல்யாண வேலை குறைந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த கடைக்குப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு மட்டும் ஆள் வந்தது. வயது ஐம்பத்துநான்கு, இரண்டு முட்டியிலும் வலி. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடலாம் என்று அவன் துணிமணி எடுத்து வைத்த சமயம், திருவண்ணாமலை ரோட்டில் புதிதாக லாட்ஜ் கட்டியவர் கூப்பிட்டார். அறைகளில் மாட்டச் செஞ்சிக் கோட்டைப் படம் ஒன்பது வேண்டும். பிடித்துவிட்டால் மாதாமாதம் வேலை உண்டு.

கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, உச்சி வெயிலில் எடுத்துக் கொடுத்தான்.

"இன்னாங்க இது, கோட்டையே காணோம். திங்கக்கெழமைக்குள்ள வேற குடுங்க. இல்லாங்காட்டி வேற ஆள் பாத்துக்குறேன்" என்று லாட்ஜுக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ராயம்மாள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் படங்கள் கட்டிலில் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்ணு ஆப்பரேசனுக்கு முன்னால எனக்கு எல்லாம் இப்படித்தான் தெரிஞ்சிது மாப்ள. பாறையும் வெள்ள, வானமும் வெள்ள."

"வெயில் அத்த. இன்னா பண்றது."

"மலைக்குமா பவுடர் பூசுவீங்க?"

"என் கல்யாண போட்டோவுல என்னையே எனக்கு அடையாளம் தெரியல சின்னம்மா. கோட்டைய உட்டுடுவாரா?" என்றாள் விமலா.

தோமினிக் கேமராவை எடுத்து அந்த அளவைப் பார்த்தான். முகத்துக்காக ஏற்றியது, பாறைக்கும் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மழை. ஞாயிறு விடிந்தபோது வானம் தெளிந்திருந்தது. பெண்கள் கோயிலுக்குப் புறப்பட, அவன் சைக்கிளை எடுத்தான்.

"பூசைக்கு வரலியா மாப்ள?"

"இந்த வெளிச்சம் எட்டு மணிக்கு மேல நிக்காது அத்த."

சிங்கவரம் போகிற வழியில், மல்லாட்டை வயல் வரப்பில் நின்று அளவைப் பூச்சியத்துக்கும் கீழே இறக்கினான். மழை தூசியைக் கழுவியிருந்தது. நனைந்த பாறைகள் கருத்திருந்தன. பக்கத்திலிருந்து விழுந்த வெயிலில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு புறம் வெளிச்சம், மறுபுறம் நிழல். மதில் கல் கல்லாகத் தெரிந்தது. மலையேற முட்டி விடவில்லை. வரப்பு வரப்பாக நகர்ந்து, ஒன்பதையும் கீழேயிருந்தே எடுத்தான்.

"இதுதாங்க கோட்ட" என்றார் லாட்ஜுக்காரர்.

மாத வேலை கிடைத்தது. மழை பெய்த மறுநாளெல்லாம் விடியுமுன் எழுந்து போக வேண்டியிருக்கிறது. திரும்பி வந்து கடை திறந்தால் முகம் வெளுக்கக் கேட்கிறவர்கள் காத்திருக்கிறார்கள்; அவர்களுக்காக அளவை மறுபடி ஏற்ற வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டு ஒரு டீச்சரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தோமினிக் ஒரகடம் போகவில்லை. இப்போதும் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில், அதே கடையில்தான் இருக்கிறான்.