எந்தக் கிணற்றில் முழுகினீர்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் சூளகிரியைத் தாண்டி ஒரு சிற்றூர். இன்று அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஓடுகின்றன. அன்று நாளொன்றுக்கு நான்கு பஸ். அதில் ஒன்று அநேகமாக வராது.

நான் அப்போது பெங்களூரில் ஒரு பாப்டிஸ்ட் வேதாகமக் கல்லூரியில் போதகர் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்தேன். மற்ற பாடங்களில் சுமார். சபை ஒழுங்குமுறைப் பாடத்தில் மட்டும் வகுப்பில் முதல். எந்தத் தீர்மானத்தை யார் முன்மொழிய வேண்டும், யார் வழிமொழிய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படி யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பயிற்சியின் முடிவில் இரண்டு மாதம் ஒரு கிராமச் சபையில் பணி செய்ய வேண்டும். பிறகு அந்தச் சபையார் கூடி, 'இவர் ஊழியத்துக்கு ஏற்றவர்' என்று தீர்மானம் போட்டுக் கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையேல் பட்டம் இல்லை. பாப்டிஸ்ட் சபைகளில் பிஷப் கிடையாது. எல்லாம் அங்கத்தினர்களின் கைதூக்கல்தான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் கிடையாது. விவரம் தெரிந்து, தானே விரும்பிக் கேட்பவரைத்தான் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி எடுப்பார்கள்.

என் சபையில் முப்பது பேர்கூட இல்லை. தெலுங்கு பேசுகிறவர்கள் பாதி, தமிழ் பேசுகிறவர்கள் பாதி, கோபம் வந்தால் எல்லோரும் கன்னடம். சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூத்த உதவிக்காரர் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். போதகர் கிருஷ்ணகிரியில் இருந்தார். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் பஸ்ஸில் வருவார்.

அந்த ஆண்டு மூன்று பேர் ஞானஸ்நானம் கேட்டிருந்தார்கள். அவர்களைச் சோதித்துத் தயார்செய்யும் பொறுப்பு எனக்கு. இருபது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை நானே தயாரித்தேன். இருவர் தேறினார்கள். மூன்றாமவர் புளி உடைக்கும் கூலிக்குப் போகிற ஒரு பெண்; என் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்டால் தலை குனிந்துகொண்டு தரையையே பார்ப்பார். இரண்டு தடவை தோற்கடித்தேன்.

லாடக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மாட்டுக்கு லாடம் கட்டறப்பகூட ரெண்டு கேள்விதானுங்க கேப்பேன். எந்தக் காலு, எப்ப தேஞ்சுதுன்னு. இந்தப் புள்ளைய என்னாத்துக்கு இந்தப் பாடு படுத்தறீங்க?"

"ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது" என்றேன்.

ஒழுங்கை அத்தோடு விடவில்லை. முந்தின ஞாயிறு பிரசங்கத்தில், தலைமுடி ஒன்று தண்ணீருக்கு மேல் தெரிந்தாலும் அது ஞானஸ்நானம் ஆகாது, திரும்ப அமிழ்த்த வேண்டும் என்றேன். தண்ணீரிலிருந்து ஏறிய நொடி முதல் முழுகியவர்களுக்கும் சபைக் கூட்டத்தில் ஓட்டு உண்டு, போதகருக்கும் புளி உடைப்பவருக்கும் ஒரே ஓட்டுதான் என்றும் முழங்கினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். அதுதான் பின்னால் வினையாயிற்று.

அந்த மே மாத ஞாயிறு போதகர் வந்தார். என் கேள்வித்தாளைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், "மூணு பேரும் வரட்டும்" என்று சபையாரைக் கைதூக்கச் சொன்னார். எல்லாக் கையும் மேலே போயிற்று. ஏரி வறண்டு கிடந்ததால் ஒரு கவுண்டரின் மாந்தோப்பில் படிக்கட்டுக் கிணறு ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தோம். காலையில் மூவரும் முழுகி எழுந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கான கூட்டம். கடிதம் புதன்கிழமைக்குள் கல்லூரியில் இருக்க வேண்டும். போதகரின் பஸ் ஐந்து மணிக்கு. அரை மணியில் முடிந்துவிடும் என்று, தீர்மானத்தை என் கையாலேயே முன்கூட்டி எழுதி வைத்திருந்தேன். 'பாப்டிஸ்ட் சபையின் அங்கத்தினராகிய இன்னார்' என்று ஆரம்பிக்கும்.

லாடக்காரர் முன்மொழிந்தார். யாருக்காவது கேள்வி உண்டா என்று போதகர் ஒழுங்குப்படி கேட்டார். ஈரத் தலையோடு பின்வரிசையில் இருந்த அந்தப் பெண் எழுந்தார். குறும்பு எதுவும் இல்லை. புதிதாகக் கிடைத்த உரிமையை உபயோகித்துப் பார்க்கிற ஆசைதான்.

"வாத்தியாரய்யா எந்தக் கெணத்துல முழுகுனீங்க?"

நான் எந்தக் கிணற்றிலும் முழுகியதில்லை. என் பெற்றோர் வேறு பிரிவுச் சபையைச் சேர்ந்தவர்கள். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்கு வெள்ளிப் பாத்திரத்திலிருந்து நெற்றியில் மூன்று சொட்டு. கல்லூரி விண்ணப்பத்தில் 'ஞானஸ்நானத் தேதி' என்ற இடத்தில் அந்தத் தேதியை எழுதினேன். பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு ஆண்டு ஊராருக்கெல்லாம் ஒழுங்குமுறை சொன்ன எனக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நெத்தி மட்டுந்தான் நனைஞ்சிருக்கு" என்றார் லாடக்காரர், ஒரு காளையின் குறையைச் சொல்வதுபோல.

"கல்லூரி ஏற்றுக்கொண்டிருக்கிறதே" என்று வாதாடினேன்.

"காலேஜுக்கு இங்க ஓட்டு இல்லீங்களே. நீங்கதான சொன்னீங்க?" என்றார் அந்தப் பெண்.

ஒழுங்குப்படி அவர் சொன்னது சரி. முழுகாதவர் அங்கத்தினர் அல்ல; அங்கத்தினர் அல்லாதவரைப் பற்றிய தீர்மானம் செல்லாது. போதகர் மறுபடி வர ஒரு மாதம் ஆகும். கடிதம் வேண்டுமானால் பஸ்ஸுக்கு முன்பே நான் முழுகியாக வேண்டும். கிணறு என்றால் நான் பத்தடி தள்ளியே நடப்பேன். நீச்சல் தெரியாது.

"வேற வழி இல்லீங்களா? அவரா முங்கிக்கக் கூடாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

உண்டு. முன்னூற்றைம்பது வருஷங்களுக்கு முன், ஹாலந்துக்கு அடைக்கலம் போன ஒரு இங்கிலாந்துப் போதகர், தகுதியான ஆள் கிடைக்காமல் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். பாப்டிஸ்ட் சரித்திரமே அங்கேதான் தொடங்குகிறது. பரீட்சையில் அதற்குப் பத்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

"பின்னாடி அவரே அதுக்கு வருத்தப்பட்டாரு" என்றார் போதகர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "முதல்ல சோதனை. யார் கேக்கறீங்க?"

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். லாடக்காரர் என் இருபது கேள்வித் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, படிக்கத் தெரியாததால் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பயமா இருக்குங்களா?"

அது என் தாளில் இல்லை. "ஆமாம்" என்றேன்.

"எனக்கும் ரெண்டு மாசமா அதேதானுங்க. சின்னதுல கெணத்துல விழுந்தவ நானு. தண்ணிய நெனச்சாலே வாய் தொறக்க வரமாட்டேங்குது. நீங்க கேட்டுட்டே இருந்தீங்க." பிறகு சபையாரிடம் திரும்பி, "தேறிட்டாருங்க" என்றார்.

தோப்புக்கு ஊர்வலமாகப் போனோம். கவுண்டர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "காத்தால மூணு பேருன்னு சொன்னீங்க. இது யாரு நாலாவது?"

"எங்க வாத்தியாருங்க" என்றார் லாடக்காரர்.

"என்னய்யா, பாடம் சொல்லிக் குடுத்துட்டு இப்பத்தான் இவரு பள்ளிக்கூடத்துல சேர்றாரா?"

படியில் இறங்கினேன். ஞானஸ்நானத்துக்கென்று இருந்த ஒரே அங்கி காலையிலிருந்து காயவில்லை. இடுப்பளவு தண்ணீரில் போதகரின் கையை நான் பிடித்த பிடியில் அவருக்கு ஐந்து விரல் தடமும் விழுந்திருக்கும். மூக்கைப் பொத்தி ஒரு தரம் அமிழ்த்தி எடுத்தார். காதிலிருந்து தண்ணீர் வடியும் முன்பே மேலிருந்து லாடக்காரரின் குரல்:

"உச்சி முடி தெரிஞ்சுதுங்க! செல்லாது!"

"நானும் பாத்தேன்" என்று நாலைந்து பேர் வழிமொழிந்தார்கள். நான் போதித்ததை இவ்வளவு உண்மையாகக் கடைப்பிடித்த சபையை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை. போதகர் இரண்டாம் தரம் அமிழ்த்தினார்.

கரையேறியபோது உடம்பு நடுங்கியது. அந்தப் பெண்தான் துண்டு கொடுத்தார். "மொதல்ல அப்படித்தானுங்க இருக்கும்" என்றார், நான்கைந்து மணி நேரம் மூத்த அங்கத்தினர்.

கிணற்றங்கரையிலேயே கூட்டம் தொடர்ந்தது. கடிதம் ஒருமனதாக நிறைவேறியது. எனக்கும் ஓட்டு வந்திருந்தாலும், சொந்த விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது என்ற விதியால் கையைத் தூக்கவில்லை. வழிமொழிந்தவர் இடத்தில் அந்தப் பெண்ணின் கைநாட்டு. ஐந்து மணி பஸ் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்தது.

பிற்காலத்தில் எத்தனையோ ஆண்டு, போதகர் பயிற்சிக்கு வருகிறவர்களை நேர்காணும் குழுவில் இருந்தேன். விண்ணப்பத்தில் இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எதிரே இருப்பவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தால், தாளை மடித்து வைத்துவிட்டு அந்தப் புளிக்காரப் பெண்ணின் 'பயமா இருக்குங்களா?' என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். அது இல்லாத கேள்வித்தாளால் இரண்டு முறை ஒருவரைத் தோற்கடித்தவன் என்ற ஈரம் இன்னும் என் தலையில் காயவில்லை.