வாழைப்பழ வாசனை வருகிறதா?

போன வாரம் எங்கள் ஆலையில் ஒரு பரீட்சை நடந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான் – வாழைப்பழ வாசனை வருகிறதா?

சிரிக்காதீர்கள். மைசூரில் துணி வெளுக்கும் ஆலை எங்களுடையது. வெளுப்பதற்குக் குளோரின் வாயு வேண்டும். அது நெஞ்சுக்குள் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்த வாயு சிலிண்டர்கள் இருக்கும் கேஸ் ரூமுக்குள் போகிறவர்களுக்கு, யுத்தத்தில் மிஞ்சிப்போன ரப்பர் மாஸ்க்குகளை வாங்கி வைத்திருந்தார்கள். அவை யார் முகத்திலாவது சரியாகப் பொருந்துகின்றனவா? யாரும் கேட்டதில்லை. சுதந்திரம் வந்தது, புதுச் சட்டம் வந்தது, கடைசியில் பம்பாயிலிருந்து ஓர் இன்ஜினீயரும் வந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவான நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

சோதனை சுலபம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பழுத்த வாழைப்பழம் போல மணக்கும் ஒரு திரவத்தில் துணியை நனைத்து, முகத்தைச் சுற்றிக் காட்டுவார். வாசனை வந்தால் ஓரத்தில் எங்கோ சந்து இருக்கிறது. அதே சந்து குளோரினுக்கும் வழி விடும்.

முதல் ஆள் சூப்பரின்டெண்டென்ட் திருநாராயணன். கன்னத்தின் பாதிவரை இறங்கிய கிருதா அவருக்குப் பெருமை. மாஸ்க்கின் விளிம்பு கன்னத்தில் படாமல் அதன்மேல் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. துணியைக் காட்டியதும் அவர் மூக்கு சுருங்கியதை மாஸ்க்கின் கண்ணாடி வழியே பார்த்தேன்.

"வாசனையாவது ஒண்ணாவது! சும்னே டைம் வேஸ்ட்" என்று கன்னடம் கலந்து சலித்துக்கொண்டார், மாஸ்க்கைக் கழற்றியபடி.

அதற்குப் பிறகு வந்த யாருக்காவது வாசனை வருமா? "இல்லை சார்", "இல்லவே இல்லை சார்"... வரிசையாக எல்லோரும் பாஸ்.

கடைசியாகப் பழனி. ஹனூர்க்காரர், கேஸ் ரூம் ஆபரேட்டர், முகம் நிறையத் தாடி.

"நல்லா வருதுங்க சார்" என்றார்.

இன்ஜினீயர் தாடியைக் காட்டி, மழித்துவிடச் சொன்னார்.

"அது மட்டும் முடியாதுங்க. ரெண்டு கொழந்த தங்கலீங்க. இந்தக் கொழந்த நல்லபடியாப் பொறந்து, மாதேஸ்வரன் மலைக்குக் கொண்டு போற வரைக்கும் கத்தி படாதுன்னு வேண்டியிருக்கறனுங்க."

மொழிபெயர்த்தேன். இன்ஜினீயர் பழனியின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டார். பிறகு, "அப்படியானால் அதுவரை இவர் கேஸ் ரூமுக்குள் போகக் கூடாது" என்றார். பழனியை முற்றத்தில் துணி வண்டி தள்ள அனுப்பினார்கள். உண்மை சொன்னவருக்கு வெயில்!

மறுநாளே ஒரு சிலிண்டரின் வால்வு கசிந்தது. பரீட்சையில் பாஸான ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு திருநாராயணன் உள்ளே போனார். போன வேகத்திலேயே இருவரும் திரும்பினார்கள் – இருமிக்கொண்டு, கண்ணீர் வழிய, சுவரைத் தடவிக்கொண்டு. இன்ஜினீயர் தன் மாஸ்க்கை மாட்டினார். அவசரத்திலும் காற்று நுழையும் துவாரத்தை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தார். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. எங்கும் சந்து இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே போய் வால்வை மூடினார்.

அதற்குள் பழனி வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். திருநாராயணனைத் தாங்கிப் பிடித்து, காற்று நல்லபடியாக வரும் பக்கம் மரத்தடியில் உட்கார வைத்தார். அவர் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு ரொம்ப அக்கறையாக – கேலி துளிகூட இல்லாமல் – கேட்டார்:

"ஏனுங்க சார், இப்ப வாசம் வருதுங்களா?"

திருநாராயணனிடமிருந்து இருமல்தான் வந்தது.

அடுத்த நாள் மறு பரீட்சை. அடடா, என்ன மாற்றம்! ஆலை முழுக்க வாழைப்பழ வாசனை. இன்ஜினீயர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே, "வருது சார்!" என்றார் ஒருவர். மாஸ்க்குகளில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்துக்கு ஏற்ற அளவில் புதிதாக வரவழைக்கிறார்கள். திருநாராயணனின் கிருதா இப்போது காதோடு நின்றுவிட்டது. பழனியின் கேஸ் ரூம் வேலையை, அவர் மலைக்குப் போய்த் தாடியை எடுத்துத் திரும்பி வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொன்னவரும் திருநாராயணன்தான்.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மனிதனின் மூக்கு ரொம்ப யோக்கியமானது... அதற்குக் கீழே ஒன்று இருக்கிறதே, சங்கடமெல்லாம் அதனால்தான்!