இரண்டு சிவப்புக் கத்திகளும் ஒரு யப்பான் எஞ்சினும்

எந்தச் சாமான் கையில் கிடைத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்து, அடியில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். மின்விசிறி, சுடுதண்ணிப் போத்தல், பிள்ளைகளின் விளையாட்டுக் கார், எதுவும் என்னிடமிருந்து தப்பியதில்லை. ஒருமுறை சாமத்தியச் சடங்கு வீடொன்றில் சாப்பாட்டுப் பீங்கானின் அடியைப் பார்க்க ஆசைப்பட்டு, அதற்குள் ஏற்கனவே பருப்புக் கறி இருந்ததை மறந்துவிட்டேன். வேட்டி மஞ்சளாகிப் போனது. ஆனாலும் பீங்கான் யப்பான்தான் என்பதைப் பந்திக்கு அறிவித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

இந்தப் பைத்தியத்துக்கு எங்கள் வளவில் பெரிய மரியாதை இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் என் மனைவியின் வீடும் அவளுடைய தங்கையின் வீடும் ஒரே வளவில், ஒரே கிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மருமகன்மாரான நாங்கள் இரண்டு பேரும் வெளியிலிருந்து இறக்குமதியான சாமான்கள். நான் கந்தோரில் கிளாக்கர். என் சகலன், அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், வாவியில் நண்டும் இறாலும் பிடிப்பவன். மாமி, அதாவது மனைவியின் தாய், சகலன் வீட்டில் இருக்கிறார். அந்த வளவுக்குள் சோற்றுச் சட்டி தொடக்கம் டோர்ச் லைட் வரைக்கும் என் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நுழைந்ததில்லை.

என் சட்டம் சுருக்கமானது. சுவிஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஜேர்மனி என்றால் ஒரு கண்ணை மூடலாம். யப்பான் எவ்வளவு பழசானாலும் யப்பான். சீனா என்றால் கடைக்காரனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

சட்டத்தின் உச்சியில் சுவிஸ் ஏறியதற்குக் காரணம் என் சட்டைப்பையில் இருந்தது. மனைவியின் தம்பி சுவிஸில் இருக்கிறான். ஆறு வருடங்களுக்கு முன் வந்தபோது எனக்கு ஒரு சிவப்பு வில்லுக்கத்தி கொண்டு வந்தான். சகலனுக்கு ஒரு சட்டை. கத்தியில் வெள்ளைச் சிலுவை அடையாளம், இரண்டு அலகு, போத்தல் திறப்பான், திருகாணி முடுக்கி எல்லாம் இருந்தன. கந்தோரில் கடித உறை கிழிப்பதும், பத்து மணிக்குக் கொய்யாப்பழம் வெட்டுவதும்தான் நான் அதற்குக் கொடுத்த வேலை. ஆனால் அதை எடுத்து விரிக்கிற விதத்தைப் பார்த்தால் யாரோ சத்திரசிகிச்சைக்குத் தயாராகிறார் என்று நினைப்பீர்கள்.

ஒரு மாதம் கழித்துச் சகலனும் மட்டக்களப்பு நகரத்து நடைபாதைக் கடையில் ஒன்று வாங்கி வந்தான். அதே சிவப்பு, அதே சிலுவை.

"அண்ணன், இது எப்பிடி?" என்று கொண்டுவந்து காட்டினான்.

"தம்பி, இது சீனா. இதால வெண்ணெயும் வெட்டேலா."

"நான் எங்க வெண்ணெய் வெட்டுறது? கயிறுதானே வெட்டுறன்."

"கையில எடுத்தாலே தெரியுமடா. சுவிஸ் எண்டா ஒரு பாரம் இரிக்கி, ஒரு இது இரிக்கி."

அந்த 'இது' என்னவென்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நான் மாட்டியிருப்பேன். அதற்குப் பிறகு ஆறு வருடமாக, அவன் கத்தியை எடுக்கும்போதெல்லாம் "சீனாக்காரர் வாறார், வழிவிடுங்க" என்று நான் சொல்லாத நாள் குறைவு. அவன் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பான்.

காலப்போக்கில் அவனுடைய கத்தியில் அச்சடித்திருந்த எழுத்து உப்புத்தண்ணீரில் கரைந்தது. என்னுடையதில் வெட்டியிருந்த எழுத்தை, சாணை பிடிக்கிற ஆள் ஒருவர் தீப்பொறி பறக்கப் பறக்கத் தேய்த்து எடுத்துவிட்டார். நான் கவலைப்படவில்லை. கையில் எடுத்தாலே தெரியும்தானே.

இப்படி இருக்கையில் ஆயுத பூசை வந்தது. மாமி எங்கள் இரண்டு வீட்டுக் கத்தி, கோடரி, மண்வெட்டி, தேங்காய்த் திருவலை எல்லாவற்றையும் கிணற்றடியில் குவித்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தன் வீட்டுச் சாமியறையில் ஒரே தட்டத்தில் அடுக்கினார். மேலே சந்தனம், குங்குமம், பூ. அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. அடுத்த நாள் காலை நான் கந்தோருக்கு ஓடுகிற அவசரத்தில் போய்ப் பார்த்தால், தட்டத்தில் இரண்டு சிவப்புக் கத்திகள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரிக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கின்றன.

நான் ஒன்றை எடுத்தேன். எந்தப் 'பாரமும்' தெரியவில்லை. மற்றதை எடுத்தேன். அதுவும் அப்படியே. வாசலில் மாமி நின்றார்.

"என்ன தம்பி, கத்தியையும் நிறுத்துத்தான் எடுக்கிறதா?"

"சந்தனம் கூடிப்போச்சு மாமி" என்று சொல்லி, வலக்கையில் இருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

பஸ்ஸில் ஏறி, கத்தியைப் பையிலிருந்து எடுத்து, விரித்து, மறுபடி மடித்தேன். வெறும் கத்தி என்றால் போகட்டும். ஆனால் அந்த வாரம்தான் சகலன் என்னை நம்பி ஒரு பெரிய காரியம் செய்ய இருந்தான். வாவியை விட்டுக் கடலுக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. நாலு வருடமாக நண்டிலும் இறாலிலும் மிச்சம் பிடித்து, தோணிக்கு ஒரு எஞ்சின் வாங்குகிற அளவுக்கு வந்திருந்தான். வாகரையில் ஒருவர், தான் பாவித்த பழைய யப்பான் எஞ்சினை விற்கிறார் என்று தகவல். அதே காசுக்குப் புதுச் சீன எஞ்சினும் கிடைக்கும். அவன் என்னிடம் கேட்டான். நான் யோசிக்கக்கூட இல்லை. "யப்பான்" என்றேன். "அப்ப ஞாயிறு நீங்களும் வாங்க அண்ணன். நீங்க பாத்துச் சொன்னா எடுப்பன்" என்றான்.

நான் இரண்டு கத்தியைப் பிரித்தறியத் தெரியாத ஆள் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குக் காலைதான் தெரியும்.

அந்த வாரம் கந்தோரில் நான் செய்த வேலை பரிசோதனை மட்டுமே. கத்தியால் கடதாசியை வெட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. ஆகா, சுவிஸ்! மாங்காய் சீவினேன், அலகு இலேசாக ஆடியது. ஐயோ, சீனா. என் கத்தி முதலும் ஆடுமா? ஆறு வருடம் நெஞ்சோடு வைத்துத் திரிந்தவனுக்கு அது நினைவில்லை. கையின் மயிரை மழித்துப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு பக்கம் வயல் வட்டையில் அறுவடை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. முடிவு மட்டும் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் தோலில் ஏதும் நோய் வருத்தமா என்று கேட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் கத்தி வேண்டும். அது சகலனின் இடுப்புச் சாரத்து மடிப்பில், ஒரு நைலோன் கயிற்றில் கட்டியிருக்கும். அவன் விடியற்காலையில் வாவியிலிருந்து வந்து, எட்டு மணிக்குப் பாயில் சரிந்துவிடுவான். வெள்ளிக்கிழமை கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்த வீட்டு விறாந்தையில் பூனை மாதிரி முழந்தாளில் நகர்ந்தேன். கயிற்றின் நுனி விரலுக்கு எட்டிவிட்டது.

"என்ன தம்பி தேடுறீங்க?"

மாமி. கையில் தேங்காய்.

கந்தோர் உடுப்போடு, உறங்குகிற சகலனின் இடுப்பில் கை வைத்தபடி இருக்கிற மருமகன் என்ன பதில் சொல்லலாம்?

"நுளம்பு, மாமி. தம்பியக் கடிக்குது."

அவர் தேங்காயை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க நல்ல மனிசன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் குரலில் பாராட்டைவிடப் பயம்தான் கூட இருந்தது.

ஞாயிறு வந்தது. இரண்டு பஸ் மாறி வாகரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எஞ்சின்காரர் கரையிலேயே நின்றார். வெற்றிலை வாய், நல்ல சிரிப்பு. எஞ்சினை ஒரு கட்டையில் மாட்டி வைத்திருந்தார்.

"யப்பான், ஐயா. அசல் யப்பான்" என்று அதன் தலையில் தட்டினார்.

நான் வழக்கப்படி அடியைப் பார்க்கக் குனிந்தேன். அடியில் தண்ணியைத் தள்ளுகிற விசிறிதான் இருந்தது. சரி என்று மேல்மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தேன். குழாய்கள், வயர்கள், எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு மண்ணும் விளங்கவில்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு திருகாணி கண்ணில் பட்டது.

"இது கொஞ்சம் இளகிக் கிடக்கு" என்று சொல்லி, என் கத்தியை எடுத்து, திருகாணி முடுக்கியை விரித்து, அழுத்தி ஒரு முறுக்கு முறுக்கினேன். திருகாணி அசையவில்லை. முடுக்கிதான் முறுக்கு மாதிரிச் சுருண்டது.

எஞ்சின்காரர் வெற்றிலையைத் துப்பினார். "என்ன கத்தி இது?"

பழக்கதோஷம். "சுவிஸ்" என்றேன்.

சகலன் மெதுவாகத் தன் சாரத்து மடிப்பிலிருந்து மற்றதை எடுத்தான். "இல்ல அண்ணன். அது எண்ட. உங்கட இதுதான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"பூசை முடிஞ்ச அடுத்த நாளே. நண்டு வலைக் கயித்தில வச்சன், ஒரே இழுவையில போயிட்டுது. எண்ட கத்தி அப்பிடி வெட்டாது. அதுக்கு நாலு தரம் சொல்லோணும்."

"மறுகா ஏன்டா சொல்லல்ல?"

"கையில எடுத்தாலே தெரியும் எண்டு சொல்ற ஆள் நீங்க. தெரிஞ்சுதான் எனக்கு விட்டுத் தந்திரிக்கிறீங்க எண்டு நினைச்சன். வீட்டயும் சொன்னன், அண்ணன் வாயாலதான் நக்கல், மனசு தங்கம் எண்டு."

எஞ்சின்காரர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"சரி, கத்தியை விடுங்க" என்றான் சகலன். "எஞ்சினச் சொல்லுங்க. எடுப்பமா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை உலுப்பியது. முடுக்கி சுருண்ட பிறகும் நாலு வருடக் காசை என் வாய்ச்சொல்லில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு "ஓம்" சொன்னால் முடிந்துவிடும். சொல்லவும் வாய் திறந்தேன்.

"தம்பி, எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்டும் தெரியா. கத்தியப் பத்தியும் தெரியா. எழுத்து இருந்தா வாசிப்பன், அவ்வளவுதான். நீ ஓட்டிப் பாத்து எடு."

அவன் கழற்றிய மேல்மூடியை எடுத்து எஞ்சினில் மாட்டினான். பிறகு எஞ்சின்காரரிடம், "தோணியில பூட்டுங்க. இவரையும் ஏத்திக்கொண்டு ஒருக்கா ஓட்டிப் பாக்கிறன்" என்றான்.

என்னை ஏன் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். பாரத்துக்காம்.

வாகரைக் களப்பு என்கிற வாவிக்குள் நல்ல வேகமாகப் போனோம். நடுவில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. நான் எழும்பி நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். தெரிந்த தெய்வங்களைக் கூப்பிட்டு, தெரியாததையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"அண்ணன், குந்துங்க! எஞ்சினால தாழ மாட்டம், உங்களாலதான் தாழப்போறம்."

"என்னடா வருத்தம் இதுக்கு?"

"பொறுங்க, கேப்பம்."

அவன் மூடியைத் திறந்து, மண்ணெண்ணெய்க் குழாயின் கவ்வியைத் தன் சாரத்திலிருந்த சிவப்புக் கத்தியால் தளர்த்தி, குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினான். ஊத்தைக் கட்டி ஒன்று வந்து விழுந்தது. மறுபடி மாட்டிக் கயிற்றை இழுத்தான். மூன்றாம் இழுவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கவ்வியைத் தளர்த்திய கத்தி எந்த நாடு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. தோணி ஆடியதால் அடக்கிக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் விலையைக் குறைக்கச் சொன்னான். எஞ்சின்காரர் குறைத்தார். எடுத்துவிட்டான்.

"நடுவில நிண்ட எஞ்சினையாடா வாங்குற?" என்று காதுக்குள் கேட்டேன்.

"இதுக்கு என்ன வருத்தம் எண்டு பாத்திட்டன், அண்ணன். புது எஞ்சினுக்கு என்ன வருத்தம் எண்டு யார் சொல்லப்போறா?"

திரும்பும்போது ஒரு மீன் லொறியில் இடம் கிடைத்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே எஞ்சினை நிமிர்த்தி வைத்து, அது சாயாமல் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். கந்தோருக்குப் போடுகிற நல்ல காற்சட்டை முழுவதும் எண்ணெய். மனைவி போனில் கூப்பிட்டாள்.

"எடுத்தாச்சா? எந்த நாட்டு எஞ்சினாம்?"

"தம்பியக் கேள்" என்று போனை அவன் காதில் வைத்தேன்.

"வாகரை எஞ்சின், அக்கா" என்றான் அவன். "இடைக்கிட நிக்கும். திருத்தலாம்." அங்கே அவள் ஏதோ கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஓம் ஓம், அண்ணனும் நிக்கிறார். எஞ்சின் விழாமப் புடிச்சுக்கொண்டிரிக்கார்."